பக்கவாதத்துக்குப் பின் ரத்த ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றேன். முதலில், ஒவ்வொரு தாளிலும் ரத்தம் எடுத்த நாள், நேரத்தைக் குறியுங்கள். நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதம், நரம்பிழைகள் சிதையும்போது ரத்தத்தில் கலப்பது. நாட்கள் செல்லச் செல்லத்தான் ஏறும். முதல் நாள் குறைவாக இருந்தால் அதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். இந்தப் பரிசோதனையை வழக்கமாக எடுப்பதில்லை, அதனால் இல்லையே என்று பதறாதீர்கள்.

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் கூடியிருந்தால், நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். தொற்று மீட்சியைப் பின்னுக்கு இழுக்கும். அப்புறம் சர்க்கரை: 140 முதல் 180-க்குள் வைக்கப் பார்ப்பார்கள்.

எந்த எண்ணையும் தனியாகப் படிக்காதீர்கள். பக்கவாதத்தின் தீவிரத்தை அளக்கும், 0 முதல் 42 வரை போகும் என்ஐஎச்எஸ்எஸ் மதிப்பெண்ணையும் ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அப்பாவின் விரல் முதலில் அசைந்த தேதியையும் நான் அதே தாளின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.