ஆபீஸில் எல்லோரும் பயன்படுத்தும் ஆக்சஸ் ஃபைலை பேக்கப் எடுப்பது எப்படி?

நாலைந்து கம்ப்யூட்டர், அவற்றை இணைக்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், அவற்றில் ஒரு மெஷினில் (அதைச் சர்வர் மெஷின் என்போம்) ஷேர் செய்த ஃபோல்டர். அந்த ஃபோல்டருக்குள் ஒரு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைல். பில், ஸ்டாக், வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் அதில்தான். சின்ன ஆபீஸ்கள் பலவற்றில் இதுதான் அமைப்பு. இந்த ஒரு ஃபைலைத் தினமும் காப்பி எடுத்து வைத்தும், தேவைப்பட்ட நாளில் அந்தக் காப்பி திறக்காமல் போவதுண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: யாரோ உள்ளே வேலை செய்துகொண்டிருந்தபோது காப்பி எடுத்திருப்பார்கள். அதனால் இரண்டாம் படியை நிதானமாகப் படியுங்கள்.

படி 1: டேட்டா எந்த ஃபைலில் இருக்கிறது?

ஒழுங்காக அமைத்த ஆக்சஸ் டேட்டாபேஸில் இரண்டு ஃபைல் இருக்கும். படிவங்களும் ரிப்போர்ட்டுகளும் உள்ள முன்பகுதி ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக இருக்கும். டேபிள்கள் உள்ள பின்பகுதி சர்வர் மெஷினின் ஷேர் ஃபோல்டரில் ஒன்றே ஒன்று இருக்கும். முன்பகுதியைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் டேபிள் பெயருக்கு முன்னால் சின்ன அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த டேபிள் வேறு ஃபைலில் இருக்கிறது. ‘எக்ஸ்டர்னல் டேட்டா’ பட்டையில் உள்ள ‘லிங்க்டு டேபிள் மேனேஜர்’ அந்த ஃபைலின் முழு முகவரியையும் காட்டும். அதை ஒரு தாளில் எழுதி சர்வர் மெஷின் மேல் ஒட்டிவிடுங்கள்.

ஆக்சஸிலேயே ‘ஃபைல், சேவ் ஆஸ், பேக் அப் டேட்டாபேஸ்’ என்று ஒரு வசதி உண்டு. முன்பகுதியைத் திறந்துவைத்து அதை அழுத்தினால் முன்பகுதி மட்டுமே காப்பி ஆகும். தேதி போட்ட ஃபைல் அழகாக வந்து நிற்கும், உள்ளே ஒரு பில்கூட இருக்காது. பின்பகுதி 150 எம்பி, உங்கள் பேக்கப் 6 எம்பி என்றால் நடந்தது இதுதான்.

படி 2: எல்லோரையும் வெளியே வரச் சொல்லுங்கள்

ஆக்சஸில் தனியாக ஒரு சர்வர் புரோகிராம் கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நேரடியாக அதே ஃபைலுக்குள் எழுதுகிறது. ஒருவர் ஒரு பில்லைச் சேமிக்கும்போது ஃபைலின் பல இடங்கள் மாறுகின்றன. டேபிளில் ஓரிடம், தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸில் வேறிடம். காப்பி எடுக்கும்போது விண்டோஸ் முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். நடுவில் யாராவது சேமித்தால், காப்பியின் முன்பாதி பழையதாகவும் பின்பாதி புதியதாகவும் அமைந்துவிடும். விண்டோஸ் எந்த எச்சரிக்கையும் தராது, காப்பி முடிந்தது என்றே காட்டும். அடுத்த மாதம் அதைத் திறக்கப் பார்க்கும்போதுதான் ‘அன்ரெகக்னைஸ்டு டேட்டாபேஸ் ஃபார்மட்’ என்ற செய்தி வரும்.

யாராவது உள்ளே இருக்கிறார்களா என்பதைப் பூட்டு ஃபைலை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். பின்பகுதியை யாராவது திறந்தவுடன் அதே ஃபோல்டரில் அதே பெயரில் ‘எல்ஏசிசிடிபி’ என்று முடியும் குட்டி ஃபைல் ஒன்று உருவாகும். பழைய ‘எம்டிபி’ வகை என்றால் அது ‘எல்டிபி’ என்று முடியும். கடைசி ஆள் வெளியேறியதும் அது தானாக மறைந்துவிட வேண்டும்.

அதை நோட்பேடில் திறந்தால் கம்ப்யூட்டர் பெயர்கள் தெரியும். ஆனால் வெளியேறியவரின் பெயரும் உடனே அழியாது. எனவே அதில் பெயர் இருப்பதை மட்டும் வைத்து ஒருவரை ‘நீங்கள்தான் மூடவில்லை’ என்று சொல்ல வேண்டாம். சர்வர் மெஷினில் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ திறந்து ‘ஷேர்ட் ஃபோல்டர்ஸ்’, அதற்குள் ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ பாருங்கள். நெட்வொர்க் வழியாக யார் திறந்துவைத்திருக்கிறார் என்பது அங்கே சரியாகத் தெரியும். அங்கிருந்தே வலுக்கட்டாயமாக மூடவும் முடியும். அதைச் செய்யாதீர்கள். அவர் அந்த நொடியில் சேமித்துக்கொண்டிருந்தால் அசல் ஃபைலே கெட்டுப்போகலாம். எழுந்துபோய் அவரிடம் சொல்லி மூடவைப்பதே பாதுகாப்பு.

எல்லோரும் போன பிறகும் பூட்டு ஃபைல் அப்படியே இருந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். பவர் கட்டிலோ ஹேங் ஆகியோ ஏதோ ஒரு மெஷின் பாதியில் நின்றிருக்கலாம். அல்லது அந்த ஃபோல்டரில் ஃபைலை அழிக்கும் அனுமதி பயனர்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ காலி, சர்வர் மெஷினிலும் ஆக்சஸ் ஓடவில்லை என்று உறுதியானால் பூட்டு ஃபைலை நீங்களே அழிக்கலாம்.

படி 3: காப்பி

இது ஒரு நிமிட வேலை. பின்பகுதி ஃபைலை பேக்கப் ஃபோல்டருக்குக் காப்பி செய்து, பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி சேருங்கள்: ‘ஸ்டாக்-2025-03-14’. வருடம் முன்னால் இருந்தால்தான் பெயர் வரிசையும் தேதி வரிசையும் ஒன்றாக இருக்கும். பிறகு இரண்டு ஃபைல்களின் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து அளவை ஒப்பிடுங்கள். பைட் கணக்கில் ஒரே எண் வர வேண்டும்.

ஃபைலைச் சுருக்கிச் சரிசெய்யும் ‘காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்’ செய்வதாக இருந்தால் காப்பி எடுத்த பிறகு செய்யுங்கள், முன்னால் வேண்டாம். கெட்டுப்போன ரெக்கார்டுகளை அது சில சமயம் தூக்கியெறிந்துவிடும். பழைய காப்பி இருந்தால்தான் எது போனது என்று தேட முடியும். மாதம் ஒருமுறை செய்தால் போதும். அழித்த ரெக்கார்டுகளின் இடம் இதைச் செய்யும்வரை திரும்பக் கிடைக்காது. ஆக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபி என்ற உச்சவரம்பும் உண்டு.

படி 4: எங்கே வைப்பது, எத்தனை வைப்பது?

சர்வர் மெஷினின் டி டிரைவில் மட்டும் வைத்தால் ஹார்டு டிஸ்க் போகும் நாளில் இரண்டும் சேர்ந்து போகும். ஒன்று ஆபீஸில் வேறொரு கம்ப்யூட்டரில், இன்னொன்று எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில். காப்பி முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி, முடிந்தால் ஆபீஸுக்கு வெளியே வையுங்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் அந்தப் பயனர் எழுதக்கூடிய ஒவ்வொரு ஷேர் ஃபோல்டரையும், செருகியிருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும்.

ஒரு சின்ன மாற்றம் இங்கே பெரிதாக உதவும். சர்வர் மெஷின் காப்பியை அனுப்புவதற்குப் பதிலாக, பேக்கப் கம்ப்யூட்டர் வந்து எடுத்துக்கொள்ளட்டும். சர்வரில் அதற்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும். பேக்கப் கம்ப்யூட்டரில் எந்த ஃபோல்டரையும் ஷேர் செய்ய வேண்டாம்.

தினக் காப்பி 6, வாரக் காப்பி 5, மாதக் காப்பி 12 வைத்தால் மொத்தம் 23. ஃபைல் 150 எம்பி என்றால் எல்லாம் சேர்த்து 3.5 ஜிபிகூட வராது. மார்ச் 31 காப்பியை இந்தச் சுழற்சியில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். ஒரே ஃபைலின் மேலேயே தினமும் எழுதுவது கூடாது. செவ்வாய்க்கிழமை டேட்டா கெட்டு, வெள்ளிக்கிழமை தெரியவந்தால் கையில் இருப்பதும் கெட்ட காப்பியாகவே இருக்கும்.

வேலை செய்யும் ஃபைலை ஒன்டிரைவ் போன்ற கிளவுட் ஃபோல்டரில் வைக்காதீர்கள். திறந்திருக்கும்போதே அது மேலே ஏற்றப் பார்க்கும். எடுத்து முடித்த பேக்கப்பை அங்கே ஏற்றுவதில் தவறில்லை.

படி 5: தானாக நடக்க வேண்டுமென்றால்

கையால் ஒரு மாதம் செய்து பழகிய பிறகு, குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் விண்டோஸின் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ பக்கம் போங்கள். விண்டோஸோடு வரும் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பியை ஒரு ஸ்கிரிப்டில் (கட்டளைகளை எழுதிவைத்த ஃபைல்) எழுதி, இரவு 9:30க்கு ஓடும்படி வைக்கலாம். மூன்று இடங்களில் சறுக்கும். நெட்வொர்க் ஃபோல்டருக்கு இசட் டிரைவ் என்பதுபோல் மேப் செய்த எழுத்து, யாரும் லாகின் செய்யாதபோது வேலை செய்யாது. கம்ப்யூட்டர் பெயரில் தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுங்கள். அடுத்து, ஒரு ஃபைலைப் படிக்க முடியாவிட்டால் ரோபோகாப்பி 30 விநாடிக்கு ஒருமுறை 10 லட்சம் தடவை முயலும், அதாவது ஏறக்குறைய ஒரு வருடம். மறுமுயற்சி 3, இடைவெளி 10 விநாடி என்று மாற்றிவிடுங்கள். கடைசியாக, பூட்டு ஃபைல் இருந்தால் காப்பி எடுக்காமல் நின்றுவிடும்படி ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே சோதனை வையுங்கள்.

படி 6: திறந்து பாருங்கள்

மாதம் ஒருமுறை, பேக்கப்பின் ஒரு காப்பியை வேறு கம்ப்யூட்டரில் ‘சோதனை’ என்ற ஃபோல்டரில் போட்டுத் திறங்கள். முன்பகுதி வழியாகத் திறக்க வேண்டாம், அது இன்னமும் அசல் ஃபைலோடுதான் இணைந்திருக்கும். எல்லா பில்லும் சரியாகத் தெரியும், ஆனால் நீங்கள் பார்ப்பது இன்றைய டேட்டா. பின்பகுதியையே நேரடியாகத் திறந்து, பில் டேபிளின் கடைசி ரெக்கார்டுக்குப் போங்கள். தேதி பேக்கப் எடுத்த நாளோடு பொருந்துகிறதா? மொத்த எண்ணிக்கை என்ன? ‘டெலீட்டட்’ என்ற சொல்லோ, சீன எழுத்து போன்ற கிறுக்கல்களோ நடுவில் தெரிந்தால் அந்தக் காப்பி கெட்டது. அதற்கு முந்தைய நாளுடையதைத் திறந்து பாருங்கள்.

நிஜமாகவே மீட்க வேண்டிய நாளில் கெட்ட ஃபைலை அழிக்காதீர்கள். பெயர் மாற்றி அதே ஃபோல்டரில் விடுங்கள், பேக்கப்பில் இல்லாத சில பில்களை அதிலிருந்து எடுக்க முடியலாம். பேக்கப்பை நகர்த்தாமல் காப்பி செய்து, தேதியை நீக்கி, அசல் பெயரையே வையுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் மற்ற கம்ப்யூட்டர்களின் முன்பகுதிக்கு அது கிடைக்காது. ஒரே ஒரு கம்ப்யூட்டரில் திறந்து கடைசி பில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குப் பிறகு போட்ட பில்களின் அச்சுப் பிரதிகளை எடுத்து மறுபடி பதிந்த பிறகே மற்றவர்களை உள்ளே விடுங்கள்.