பெர்மாங்கனேட் தரம் பார்த்தல்: முதல் சொட்டு ஏன் தயங்குகிறது?

செறிவு தெரிந்த ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு பெர்மாங்கனேட் கரைசலின் செறிவைக் கண்டறியும் சோதனை இது. பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து, குடுவையில் உள்ள அமிலத்தில் முதல் சொட்டு பொட்டாசியம் பெர்மாங்கனேட் விழுகிறது. குடுவை இளஞ்சிவப்பாகி அப்படியே நிற்கிறது. முடிவுநிலை, அதாவது அமிலம் முழுதும் வினைபுரிந்து முடிந்த நிலை, வந்துவிட்டதென்று அளவைக் குறித்துவிடும் மாணவர்கள் பலர். அவசரப்படாதீர்கள், வினை இன்னும் தொடங்கவே இல்லை.

முதலில் பியூரெட். நீரால் கழுவியபின் பெர்மாங்கனேட் கரைசலாலேயே ஒருமுறை அலசுங்கள். இல்லையேல் உள்ளே ஒட்டிய நீர் கரைசலை நீர்க்கச் செய்யும். நிரப்பியதும் புனலை எடுத்துவிட்டு, திருகுக்குக் கீழே காற்றுக்குமிழி இருந்தால் வெளியேற்றுங்கள். கரைசல் அடர்நிறமாக இருப்பதால் கீழ்ப்பிறை (திரவப் பரப்பின் வளைவின் அடிப்பகுதி) தெரியாது. பரப்பின் மேல் விளிம்பைக் கண்மட்டத்தில் வைத்து அளவெடுங்கள்.

கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் அலசினால் போதும், ஈரம் இருந்தாலும் பாதகமில்லை. அதில் 0.1 நார்மல் (நார்மல் என்பது செறிவின் அலகு) ஆக்சாலிக் அமிலத்தை (லிட்டருக்கு 6.3 கிராம் படிகம்) பிப்பெட்டால் 20 மி.லி. விடுங்கள். வாயால் உறிஞ்சவே கூடாது, ரப்பர் பல்பு இருக்கிறது. நுனியில் தங்கும் துளியை ஊதித் தள்ளாதீர்கள். அதைக் கழித்துத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

பிறகு ஏறத்தாழ 20 மி.லி. நீர்த்த கந்தக அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகாது, அதன் குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றிவிடும். 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். கொதித்தால் ஆக்சாலிக் அமிலம் சிதையும்.

இப்போது அந்த முதல் சொட்டு. குடுவையைச் சுழற்றியபடி காத்திருங்கள். நிறம் மெதுவாக மறையும். அப்போது உண்டாகும் மாங்கனீஸ் அயனியே இந்த வினைக்கு வினையூக்கி. அது சேரச் சேர அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்தவுடன் மறைகின்றன. வினையில் உண்டாகும் பொருளே அந்த வினையை வேகப்படுத்தும் ‘தன் வினையூக்க’த்தைக் கண்ணால் பார்க்க இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரியாது! பழுப்புக் கலங்கல் தோன்றினால் அமிலம் போதவில்லை, அல்லது வேகமாக ஊற்றிவிட்டீர்கள். அந்தக் குடுவையைக் கைவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

பின்னர் நிறம் மறைய மீண்டும் தாமதமாகும்போது சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெளிர் இளஞ்சிவப்பு 30 விநாடி நிலைத்தால் அதுவே முடிவுநிலை. பெர்மாங்கனேட்டே நிறங்காட்டி, வேறொன்று தேவையில்லை. இரண்டு அளவுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துவரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

செலவான பெர்மாங்கனேட் 19.6 மி.லி. என்றால், 20-ஐ 0.1-ஆல் பெருக்கி 19.6-ஆல் வகுங்கள்: பெர்மாங்கனேட்டின் செறிவு 0.102 நார்மல்.

பியூரெட்டை உடனே கழுவுங்கள். பழுப்புக் கறை படிந்துவிட்டால், மிச்சமிருக்கும் ஆக்சாலிக் அமிலமே அதைப் போக்கிவிடும்.