ஃபர்னஸ் பற்றிய கையோடு அணைகிறதா? ஆளைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்கள்

டொராண்டோ பக்கம் ஜனவரி வந்தால் நம் ஆட்களிடமிருந்து வரும் போனில் பாதி இதுதான்: தெர்மோஸ்டாட்டில் 21 வைத்திருக்கிறேன், 17ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் சுத்தமாக நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, அரைகுறையாக ஓடுவதுதான் குழப்பம். என் வீட்டிலும் அதே கதை. வந்து பார்த்த ஆள் மூடியைத் திறந்த வேகத்தில் "போர்டு போயிடுச்சு, பழைய மாடல் வேற, புதுசே போட்டுடலாம்" என்றார். போர்டு என்றால் ஃபர்னஸை இயக்கும் மின்னணுத் தகடு, அது இன்றுவரை அதேதான் ஓடுகிறது.

இது இயற்கை எரிவாயுவில் ஓடும் ஹை எஃபிஷியன்சி ஃபர்னஸுக்கு மட்டும், அதாவது வீட்டுச் சுவர் வழியாக பிளாஸ்டிக் குழாய் வெளியே போகும் வகை. புகைபோக்கியில் இணைத்த பழைய இரும்புக் குழாய் வகைக்கும் ஆயில் ஃபர்னஸுக்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேஸ் வாசனை வந்தாலோ கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினாலோ இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து போன் செய்யுங்கள்.

முதலில் வெளிப்புறச் சமாச்சாரம்

தெர்மோஸ்டாட்டில் 'ஹீட்' இருக்கட்டும், ஃபேன் 'ஆட்டோ'வில் இருக்கட்டும். ஃபேன் 'ஆன்' என்று இருந்தால் அடுப்பு எரியாத நேரத்திலும் காற்று வீசும், அது சில்லென்றுதான் இருக்கும், அதை வைத்து ஃபர்னஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய. பேட்டரியை மாற்றுங்கள். பேஸ்மென்ட் படிக்கட்டுப் பக்கம் லைட் ஸ்விட்ச் மாதிரியே ஃபர்னஸுக்கான பவர் ஸ்விட்ச் ஒன்று இருக்கும், பல வீடுகளில் சிவப்புத் தகடு போட்டிருப்பார்கள். அதைப் பிள்ளைகள் அணைத்துவைத்த கதைகள் உண்டு.

அப்புறம் ஃபில்டர். அடைத்த ஃபில்டரால் காற்றோட்டம் குறையும், உள்ளே சூடு ஏறும், 'லிமிட் ஸ்விட்ச்' குறுக்கிட்டு நெருப்பை அணைக்கும், ஆனால் வீட்டுக்குள் காற்றைத் தள்ளும் ப்ளோயர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நெருப்பு சில நிமிடம் நன்றாக எரிந்துவிட்டு நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். கடையில் மெர்வ் 13 ஃபில்டரைத் தூக்கிக் காட்டுவார்கள் (மெர்வ் எண் கூடக்கூட நுண்ணிய தூசியையும் பிடிக்கும்), ஒரு அங்குலத் தடிமனில் அது காற்றைப் பிடித்துவைக்கும், எனக்குப் பிடிக்காது. மெர்வ் 8 வாங்கி அடிக்கடி மாற்றுவதே என் வழக்கம். ரெனவேஷன் நடந்த வீடென்றால் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும், ட்ரைவால் தூசி ஃபில்டரை மாவு பூசினதுபோல் ஆக்கிவிடும்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பவரை அணைக்கும் முன் கீழ் மூடியில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாகப் போர்டில் மினுக்கும் விளக்கைப் பார்த்து, எத்தனை தடவை மினுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில போர்டுகளில் பவர் போனால் அந்தத் தகவலும் போய்விடும். அதற்கான அர்த்தம் மூடியின் உட்புறம் ஒட்டிய தாளில் இருக்கும்.

இனி மேல் மூடியை மட்டும் கழற்றுங்கள். பேஸ்மென்டில் நிமிர்ந்து நிற்கும் ஃபர்னஸ்களில் நெருப்பு எரியும் பர்னர் மேலே, ப்ளோயர் கீழே. கீழ் மூடியைக் கழற்றினால் அங்கே இருக்கும் கதவு ஸ்விட்ச் மொத்தத்தையும் நிறுத்திவிடும், எனவே அது அப்படியே இருக்கட்டும். ஒருவரை மேலே அனுப்பித் தெர்மோஸ்டாட்டை ஏற்றச் சொல்லிவிட்டு, தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள்.

முதலில் ஒரு சின்ன மோட்டார் உறுமும், அது புகையை வெளியே தள்ளும் இன்ட்யூசர். புகை ஒழுங்காகப் போகிறதா என்று கவனிக்கும் பிரஷர் ஸ்விட்ச் 'டிக்' என்று ஒட்டும். நெருப்பைப் பற்றவைக்கும் இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் கனியும். கேஸ் வால்வு திறக்கும், நெருப்பு ஒரு பர்னரிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகத் தாவும். அரை நிமிடம், முக்கால் நிமிடம் கழித்துப் பெரிய ப்ளோயர் ஓடும்.

மோட்டார் ஓடியும் இக்னைட்டர் கனியவில்லை என்றால் புகைக் குழாயோ தண்ணீர் வடிகாலோ அடைத்திருக்கலாம், அல்லது இக்னைட்டரே போயிருக்கலாம். கனிந்தும் நெருப்பு வரவில்லை என்றால் கேஸ் பக்கம் கோளாறு, அதில் கை வைக்காதீர்கள். நெருப்பு அழகாகப் பற்றி, சில விநாடியில் பொசுக்கென்று அணைந்து, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தால், பெரும்பாலும் நெருப்பு இருக்கிறதா என்று போர்டுக்குச் சொல்லும் ஃபிளேம் சென்சர்தான் காரணம். சில முறை இப்படி முயன்றுவிட்டுப் போர்டு தன்னைப் பூட்டிக்கொள்ளும், பல மாடல்களில் ஒரு மணி நேரம்போலக் கழித்துத் தானே மறுபடி முயலும். வீடு கொஞ்சம் சூடாகி மறுபடி குளிர்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஃபிளேம் சென்சர்: எனக்குத் தண்ணி காட்டிய இடம்

பவரை அணையுங்கள், கேஸ் குழாயில் உள்ள கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி மூடுங்கள்.

பர்னர் வரிசையின் ஒரு முனையில் இக்னைட்டர், மறு முனையில் சென்சர் இருப்பது வழக்கம். இரண்டு வயர் போனால் இக்னைட்டர், விரலால் தொடாதீர்கள், சட்டென்று உடையும். ஒரே வயரும், வெள்ளைப் பீங்கானிலிருந்து நீட்டிய மெல்லிய கம்பியும் இருந்தால் சென்சர். கால் அங்குல அறுகோணத் தலையுள்ள ஒரே ஒரு ஸ்க்ரூ. இதற்கு ஸ்க்ரூ டிரைவரோடு மல்லுக்கட்டாமல் குட்டையான நட் டிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள், தலையில் மாட்டும் லைட்டும் வேண்டும், போன் வெளிச்சம் சரிப்படாது.

நெருப்பு மின்சாரத்தைக் கடத்தும், அதுவும் ஒரு திசையில்தான் நன்றாக. போர்டு அனுப்பும் ஏசி மின்சாரம் நெருப்பின் வழியாகப் போகும்போது சில மைக்ரோஆம்ப் டிசி ஆகிறது. அது தெரிந்தால்தான் நெருப்பு இருக்கிறது என்று போர்டு நம்பும், இல்லையென்றால் கேஸை மூடிவிடும். கம்பியில் சிலிக்கா படிந்தால் அந்தத் துளி மின்சாரம் தடைபடும். படிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை, பளபளவென்று இருக்கும் கம்பியையும் தேய்த்தே ஆக வேண்டும். மணல்தாள் கீறல் போடும், ஸ்டீல் வுல் இழை விடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரே என் கட்சி, புதியதாக, எண்ணெய் படாததாக. தேய்த்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கம்பியைக் கையால் தொடாமல் மாட்டுங்கள்.

என் வீட்டில் தேய்த்து மாட்டியும் நெருப்பு அணைந்தது. அந்த மைக்ரோஆம்ப் போர்டுக்குத் திரும்பும் வழி பர்னரும் ஃபர்னஸின் இரும்பு உடம்பும் கிரவுண்ட் வயரும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பச்சை வயரின் ஸ்க்ரூவைத் தொட்டால் லொடலொடவென்று ஆடியது, அடியில் துரு. துருவைச் சுரண்டி இறுக்கியதும் நெருப்பு நிலைத்தது. சென்சரைத் தேய்த்தும் பலனில்லையே என்று புதுச் சென்சர் வாங்கி, அதுவும் சரிவராமல் போர்டுக்குத் தாவுகிறவர்கள் இந்தப் பச்சை வயரைப் பார்க்காதவர்கள்தான். மைக்ரோஆம்ப் காட்டும் மல்டிமீட்டர் இருந்தால் இதை அளந்தே பார்க்கலாம், மலிவானவற்றில் அந்த அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படித்தவர்கள் கேட்டதற்குப் பிறகு சேர்த்தவை

ஒருவருக்கு இன்ட்யூசர் ஓடிக்கொண்டே இருந்தது, வேறெதுவும் நடக்கவில்லை. இந்த வகை ஃபர்னஸில் புகை குளிர்ந்து தண்ணீராகும். அது வடியும் குழாயின் வளைவில் சளிபோல அழுக்கு அடைத்திருந்தது, வெந்நீரில் அலசியதும் சரியாகிவிட்டது. இன்னொருவருக்கு வெளியே இருக்கும் குழாய் வாயைப் பனி மூடியிருந்தது, பனி கொட்டிய மறுநாள் முதலில் அங்கேதான் போய்ப் பாருங்கள்.

கேஸ் வால்வு, நெருப்பின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் உரிமம் உள்ளவர் வேலை. ஒன்டாரியோவில் அந்த உரிமத்தை டி.எஸ்.எஸ்.ஏ. என்ற தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு தருகிறது, அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்கிறேன் என்று வருகிறவரிடம் வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள், அழைக்காமல் வந்து அப்படி ஒப்பந்தம் போடுவதை மாகாணம் 2018 மார்ச்சிலேயே தடை செய்துவிட்டது.

போர்டில் விளக்கே எரியவில்லை என்று கேட்டவர்களுக்கு: ஸ்விட்சும் பிரேக்கரும் சரி, கீழ் மூடியும் கதவு ஸ்விட்சை அழுத்தும்படி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது என்றால், போர்டின்மேல் காருக்குப் போடுவதுபோல் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். ஊதா என்றால் 3 ஆம்ப், வெளிர் பழுப்பு என்றால் 5. பவரை அணைத்துவிட்டு அதே அளவில் புதிது போடுங்கள். அந்த ஃபியூஸும் எரிந்துபோனால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் வயர் எங்கேயோ உரசுகிறது, அந்த வயரைத் தேடுங்கள், பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள்.