மழைத்தண்ணித் தகரத்துக்கு பெயிண்ட் அடிக்கலாமா?

போன வாரம் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் வேலை. நான் போனது உள்சுவர் பார்க்க. வாசலில் இரண்டு பையன்கள் ஏணி போட்டு, ஓட்டுக்கூரை இறவாரத்தில் புதிதாக மாட்டியிருந்த தகர வாய்க்காலுக்குப் பக்கத்தில் ரெட் ஆக்ஸைடு (இரும்புக்கு அடிக்கிற சிவப்பு பிரைமர்) டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். தகரம் பளபளவென்று இருந்தது, கடையில் ஒட்டின சீட்டுகூட உரிக்கவில்லை. "ஏந்தம்பி, இதுக்கு எதுக்கு இது?" என்றேன். "வீட்டுக்காரம்மா பச்சைக் கலர் வேணும்னு சொல்லிப்போட்டாங்கண்ணா. ரெண்டு கோட்டு ரெட் ஆக்ஸைடு, மேல எனாமல்" என்றான் பெரியவன்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே வேலையை இதே டப்பாவோடு நானும் செய்திருக்கிறேன். தூசியைத் துடை, பிரஷ்ஷைக் கழுவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரிந்த ஆட்களே சறுக்குகிற இடங்கள் மட்டும் இங்கே.

புதுத் தகரத்துக்கு ரெட் ஆக்ஸைடும் எனாமலும்

பதினைந்து வருஷம் முன்னால், நான் தனியாக எடுத்த இரண்டாவது வேலை. தாராபுரம் பக்கம் என் மாமா வீடு, நடுவில் திறந்த முற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு. பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். தொட்டியைச் சுற்றி நாலு பக்கமும் ஜி.ஐ. தகரத்தில் புது வாய்க்கால் மாட்டியிருந்தார் தகர வேலைக்காரர். "ஏங்கண்ணு, ஒறம்பரை வர்ற வீடு, தகரம் பல்லை இளிச்சிட்டு நிக்குது. சிவப்பா அடிச்சு உட்ரு" என்றார் மாமா. கடையில் கேட்டேன். தகரம்னா இதுதான் என்று ரெட் ஆக்ஸைடும் எனாமலும் எடுத்துக் கொடுத்தார்கள். நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாளில் முடித்தோம். தை மாதக் கல்யாணம், தகரம் கண்ணாடி மாதிரி இருந்தது. மாமா எல்லோரிடமும் என்னைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

ஆவணியில் முதல் கொப்புளம். விரலால் தொட்டால் உள்ளே காற்று. புரட்டாசியில் பாம்புச் சட்டை மாதிரி முழ நீளத்துக்கு உரிந்து தொங்கியது. உரிந்ததன் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று சோப்பு மாதிரி. தகரமோ அடியில் புதுசு போலவே இருந்தது, துருவே இல்லை. ஐப்பசி மழையில் அந்தச் சிவப்புத் தோலெல்லாம் அடித்துக்கொண்டு போய் மூலையில் பைப் வாயை அடைத்தது. வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் ஆசாரத்து (கூடத்து) சுவரில் வழிந்து, சுண்ணாம்புப் பூச்சு ஊறி விழுந்தது. சுவரும் என் கணக்கில்தான் சேர்ந்தது.

நடந்தது இதுதான். ஜி.ஐ. தகரம் என்பது இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசினது. எனாமல், ரெட் ஆக்ஸைடு இரண்டுமே பெரும்பாலும் எண்ணெயில் செய்த பெயிண்ட். ஈரம் பட்ட துத்தநாகம் காரத்தன்மை காட்டும். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று காங்கேயத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடாவை விட்டுக் கிண்டினால் சோப்பு. அதேதான் பெயிண்டுக்கு அடியிலும் மெதுவாக நடக்கிறது. பெயிண்டுக்கும் தகரத்துக்கும் நடுவே மெல்லிசாக ஒரு சோப்புப் படலம். அப்புறம் பிடிப்பு எங்கே இருக்கும்?

இதில் எரிச்சல் என்னவென்றால், உடனே காட்டிக்கொடுக்காது. ஆறு மாதம், எட்டு மாதம் நன்றாகவே இருக்கும். காசு வாங்கி, சாரம் பிரித்து, மாமா வீட்டில் விருந்து சாப்பிட்ட பிறகுதான் வாயைத் திறக்கும். அதனால்தான் பத்து வருஷமாக அடிக்கிறவர்கள்கூட "நாங்க அடிச்சது ஒண்ணும் ஆகலையே" என்கிறார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தால்தானே தெரியும்.

மூன்று நாளில் அடித்ததைச் சுரண்ட எட்டு நாள் ஆனது. முதல் நாள் அவசரத்தில் கம்பி பிரஷ் போட்டேன், அது இரண்டாவது தவறு. நல்ல தகரத்திலேயே துத்தநாகம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான்தான் இருக்கும் (தகரக்கடையில் 275 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 275 கிராம் என்று சொல்வார்களே, அது இரண்டு பக்கமும் சேர்த்து). தலைமுடியின் கனம்கூட வராது. கம்பி பிரஷ் அழுத்தித் தேய்த்த இடமெல்லாம் அடுத்த வருஷம் நிஜமாகவே துருப்பிடித்தது.

கொல்லைப்புறத்துத் தகரத்துக்கு அன்றைக்குப் பெயிண்ட் பத்தவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம். அது இன்னும் சாம்பல் பூத்து, ஓட்டை ஒடிசல் இல்லாமல் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு தடவை போகும்போதும் மாமா ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

ஆகவே புது ஜி.ஐ. தகரத்துக்கு நான் சொல்வது: அடிக்க வேண்டாம். அதைக் காப்பது பெயிண்ட் அல்ல, துத்தநாகம். கலர் கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு மழைக்காலம் போகட்டும், பளபளப்பு மங்கட்டும். பிறகு சோப்புத்தூள் தண்ணீரில் கழுவுங்கள். ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினால் முத்து முத்தாக உருளாமல் பரவி நிற்க வேண்டும். உருண்டால் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. அப்புறம் வாஷ் பிரைமர் மெல்லிசாக ஒரு கோட்டு. கார் பெயிண்ட் கடைகளில் கேட்டால் கிடைக்கும், இரண்டு டப்பாவைக் கலந்து அடிப்பது. அதன் மேல் தண்ணீரில் கரைக்கிற எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டு. எனாமல் பக்கமே போக வேண்டாம்.

பழைய வார்ப்பு இரும்புப் பைப் இருக்கிற டவுன் வீடுகள் வேறு கதை. அதற்கு ரெட் ஆக்ஸைடும் எனாமலும்தான் சரி. தட்டிப் பாருங்கள், சத்தமே சொல்லிவிடும்.

மயில்துத்தம்

அவசரத்துக்குத் தகரத்தைப் பழசாக்கலாம் என்று மயில்துத்தத்தை (காப்பர் சல்ஃபேட்) கரைத்துத் துடைக்கிறவர்கள் உண்டு. தோட்டத்து வீட்டில் மருந்தடிக்க வாங்கி வைத்தது எப்படியும் இருக்கும். துடைத்தவுடன் தகரம் கறுக்கும், பெயிண்டும் பிடிக்கிற மாதிரி தெரியும். கறுப்பது தாமிரம் படிவதால். படிகிற தாமிரத்துக்கு ஈடாகத் துத்தநாகம் கரைந்து போகிறது. வேண்டாம்.

கலர் ஷீட் வாய்க்கால்

அடிக்காதீர்கள். கம்பெனியிலேயே அடித்து வந்தது.

பி.வி.சி. பைப்பை சுவர்க் கலருக்குச் சேர்ப்பது

இப்போதைய கான்கிரீட் வீடுகளில் இதுதான் அதிகம். முன்பக்கச் சுவருக்குக் காப்பிக் கலர் அடித்துவிட்டு வெள்ளைப் பைப் மட்டும் எடுப்பாகத் தெரிகிறது என்பார்கள். அடிக்கலாம், தப்பில்லை. வெயிலில் மஞ்சளாகிப் பொடி பூத்த பைப்புக்கு அடித்தால் நல்லதும்கூட. ஆனால் மேற்குச் சுவரில் பைப்புக்குக் கறுத்த கலர் வேண்டாம். பி.வி.சி. 60 டிகிரிக்கு மேல் தாங்காது. சித்திரை வெயிலில் கறுத்த பைப் அந்தப் பக்கம்தான் போகும், கிளாம்புக்கு நடுவே வளைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பைப் நீளும், சுருங்கும். மூன்று மீட்டர் பைப் 30 டிகிரி சூடு ஏறினால் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீளும். நீள்வதற்கு ரப்பர் ரிங் வைத்த ஜாயின்ட்டில் இடம் விட்டிருப்பார்கள். அங்கே புட்டி வைத்து மெழுகி, மேலே பெயிண்ட் அடித்து மூடினால் ஒரே மாதத்தில் அந்த இடம் வெடித்துக் கோடு தெரியும். ஜாயின்ட்டை அப்படியே விடுங்கள். 220 நம்பர் எமரித்தாள் போட்டுப் பளபளப்பை எடுத்து, சுவருக்கு அடிக்கிற எமல்ஷனையே அடித்தால் போதும்.

சிமெண்ட் பைப்பைத் தேய்ப்பது

பழைய சிமெண்ட் ஷீட் கொட்டகையின் பைப்பிலும் வாய்க்காலிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். எமரி படவே கூடாது. தூசி நெஞ்சுக்குள் போகும்.

உள்பக்கத்தை மறப்பது, இல்லை உள்பக்கத்துக்குத் தார் அடிப்பது

தெருவில் இருந்து தெரிகிற வெளிப்பக்கத்துக்கு அழகாக அடித்துவிட்டு வந்துவிடுகிறோம். துரு ஆரம்பிப்பது உள்ளே, தண்ணீர் தேங்குகிற இடத்தில். தென்னம்பாளையும் வேப்பம்பூவும் ஓட்டுத்தூளும் மட்கி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் அதை அள்ளிவிட்டு, ஒரு குடம் தண்ணீர் விட்டு வாட்டம் (சரிவு) பாருங்கள். பத்தடிக்குக் கால் அங்குலமாவது வாட்டம் இருக்க வேண்டும். நடுவில் குளம் கட்டினால் பெயிண்டை மூடி வைத்துவிட்டு தகர வேலைக்காரருக்கு போன் போடுங்கள். தேங்குகிற தண்ணீருக்கு எந்த பெயிண்டும் ஒரு வருஷம் நிற்காது.

ஒழுகுகிறது என்று உள்ளே தார் பெயிண்ட் அடிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? 2003லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அது போக, நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது என்று இறவாரத்தில் அண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. என் அமுச்சி (அம்மாவின் அம்மா) அப்படித்தான் பிடிப்பார். முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவது மழைக்குத்தான் அண்டாவை வைப்பார்.

சமையலுக்குப் போகிற தண்ணீர் என்ற இதே காரணத்துக்காகப் பழைய பெயிண்டைச் சுரண்டும்போதும் கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். தண்ணீர் நனைத்துத் தேய்த்து, விழுந்ததைத் தார்ப்பாயில் பிடித்து அள்ளுங்கள்.

ஆடியில் ஆரம்பிப்பது

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருகிற மாதங்களில் ஈரப் பெயிண்ட் மேல் மண் வந்து அப்பிக்கொள்ளும், எமரித்தாள் மாதிரி ஆகிவிடும். சித்திரையில் பத்து மணிக்கே தகரத்தைத் தொட முடியாது. பிரஷ் இழுப்பதற்குள் பெயிண்ட் காய்ந்து கோடு கோடாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை. தை, மாசியில் பனி உலர்ந்த பிறகு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, பொழுதோட பனி இறங்குவதற்குள் முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏணியைத் தகரத்தில் சாய்ப்பது

சுவரில் சாயுங்கள். வாய்க்கால் ஒரு தடவை நசுங்கினால் அந்த இடத்தில்தான் தண்ணீர் நிற்கும்.

காங்கேயத்துப் பையன்கள் டப்பாவை மூடிவிட்டு வீட்டுக்காரம்மாவிடம் பேசப் போனார்கள். பத்து நிமிஷம் கழித்துப் பெரியவன் மட்டும் வந்தான். "அடுத்த தை மாசம் வரச் சொல்லிட்டாங்கண்ணா. ஆனா ஜன்னல் கம்பிக்கு இப்பவே அடிச்சுத் தரணுமாம்." அது இரும்பு. அடி என்றேன்.