அப்பா நிறுத்திய மாத்திரை

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குக் காசநோய், 6 மாத மாத்திரை. இருமல் அடங்கியதும் நிறுத்திவிட்டார். நான் திட்டினேன், அம்மா அழுதார், அசையவில்லை.

ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து, "ஏம்ப்பா வேண்டாங்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம். ரத்தம் என்று பயந்திருக்கிறார். பாவம், யாரிடமும் சொல்லவில்லை.

விட்ட நாட்களை மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னோம். அது மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தின் நிறம், கெடுதல் இல்லை என்று செவிலியர் விளக்கினார். பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம் என்றார்.

"களையைப் பாதி பறிச்ச மாதிரியா?" என்றார் அப்பா.

அப்புறம் தினமும் வயலுக்குக் கிளம்புமுன் மாத்திரை, காலண்டரில் ஒரு கோடு. தை அறுவடைக்கு முன்பே முடித்துவிட்டார்.