அமிலாய்டு இதயத்துக்குப் பேஸ்மேக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமிலாய்டு என்ற பிறழ்ந்த புரதம் இதயத் தசையில் படிந்தவர்களுக்குப் பேஸ்மேக்கர் (துடிப்பைத் தூண்டும் கருவி) பொருத்துவதில், முதல் தவறு கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே நிகழ்கிறது. 70 வயதைக் கடந்தவரின் இதயத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான மின்கடத்தல் தடைப்பட்டால், அதை முதுமையின் விளைவாக எண்ணிப் பேஸ்மேக்கர் பொருத்தி அனுப்பிவிடுவது வழக்கமாக இருக்கிறது. எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) தடித்துத் தெரியும் இதயச் சுவருக்கேற்ற உயரம் ஈசிஜி அலைகளில் இல்லாததையும், இரு கைகளிலும் கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுதல்) அறுவை சிகிச்சை நடந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டோசிஸ் (டிரான்ஸ்தைரெட்டின் என்ற ரத்தப் புரதம் உருக்குலைந்து அமிலாய்டாகப் படியும் நோய்) நினைவுக்கு வர வேண்டும். இந்நோய்க்கான டஃபாமிடிஸ் மருந்தின் பயனை 2018இல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு, நோயைக் கண்டறிவதில் தாமதத்தை ஏற்பதற்கில்லை. பேஸ்மேக்கர் பொருத்திய பின் இதய எம்ஆர்ஐ படங்களின் தெளிவு குறையக்கூடும் என்பதால், அவசரமில்லாதவர்களுக்கு எம்ஆர்ஐயை முன்னரே எடுத்துவிடுவது நல்லது.

வலது கீழறையில் ஒரே லீடை (தூண்டலைக் கொண்டுசெல்லும் மின்கம்பி) வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று கருதுவதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. அமிலாய்டு படிந்த கீழறை விறைப்பானது. ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியேற்றும் ரத்தம் குறைவு, தேவைப்படும்போது அதைக் கூட்டிக்கொள்ளவும் அதனால் பெரிதாக இயலாது. அத்தகைய இதயத்தை வலப்பக்கத்திலிருந்து மட்டும் தூண்டினால், இடது கீழறையின் சுவர்கள் ஒன்றுக்கொன்று முன்பின்னாகச் சுருங்கி, இருக்கிற கொஞ்சத் திறனும் வீணாகும். டிரான்ஸ்தைரெட்டின் நோயாளிகளைப் பின்தொடர்ந்த பதிவுகளில், வலது கீழறைத் தூண்டல் மிகுந்தவர்களுக்கு மைட்ரல் வால்வுக் கசிவும் (இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையிலான வால்வில் ஏற்படும் கசிவு) இதயச் செயலிழப்பும் கூடியதும், இரு கீழறைகளையும் தூண்டும் கருவி பெற்றவர்களின் நிலை மேம்பட்டதும் காணப்பட்டன. ஆகவே தூண்டல் அடிக்கடி தேவைப்படும் என்று தெரிந்தால், வெளியேற்ற விகிதம் (கீழறையில் உள்ள ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு) இயல்பாகத் தோன்றினாலும், இருகீழறைத் தூண்டலையோ இடது கற்றைக்கிளைப் பகுதித் தூண்டலையோ (இதயத்தின் இயல்பான மின்பாதையின் இடது கிளையருகே தூண்டுதல்) தொடக்கத்திலேயே பரிசீலிக்க வேண்டும். பின்னதில், தடித்து விறைத்த இடைச்சுவருக்குள் லீடைத் திருகி இறக்குவது கடினமாகலாம் என்பதால், மாற்று ஏற்பாட்டுடன் தொடங்க வேண்டும்.

லீடு இல்லாத சிறு பேஸ்மேக்கர் தொற்று அபாயத்தைக் குறைப்பதால் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அதில் மேலறையின் சுருக்கத்தை அசைவாக உணர்ந்து கீழறையைத் தூண்டும் வகை, மேலறைத் தசையிலும் அமிலாய்டு படிந்து சுருக்கம் தளர்ந்தவர்களிடம், ஈசிஜியில் மேலறை அலை சரியாகத் தெரிந்தாலும் அந்தச் சுருக்கத்தைத் தவறவிடக்கூடும்.

துடிப்பு வேகத்தை வழக்கம்போல் நிமிடத்துக்கு 60 என்று வைத்துவிடுவதும் சிந்திக்க வேண்டியது. துடிப்புக்குத் துடிப்பு ரத்த அளவு கூடாத இதயம், வேகத்தை நம்பித்தான் உடலுக்கு ரத்தம் அனுப்புகிறது. அதனாலேயே துடிப்பு வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்களும் வெரபாமில், டில்டியாசம் போன்ற மருந்துகளும் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அடிப்படை வேகத்தை ஒவ்வொருவரின் மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம், நடைத்திறன் ஆகியவற்றைப் பார்த்து மாற்றியமைக்க வேண்டும். கீழறைத் தூண்டலைத் தவிர்ப்பதற்காக மேலறைத் துடிப்புக்கும் கீழறைத் தூண்டலுக்கும் இடையிலான நேர இடைவெளியை மிக நீளமாக விட்டால் அதுவும் மைட்ரல் கசிவை வளர்க்கும்.

மயங்கி விழுந்தவர் எல்லோருக்கும் காரணம் மின்கடத்தல் தடையல்ல. ரத்த அழுத்தம் போன்றவற்றைத் தானாகச் சீராக்கும் தன்னியக்க நரம்புகளில் அமிலாய்டு படிந்தவர்களுக்கு எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரியும், அதைப் பேஸ்மேக்கர் தடுக்காது. ஆகையால் படுத்தும் நின்றும் அழுத்தத்தை அளந்த பிறகே கருவி குறித்து முடிவெடுக்க வேண்டும்.