குழு இணையதளத்துக்கு லோகோ: அளவிலும் உரிமையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு தன்னார்வக் குழுவினர் தங்கள் புதிய இணையதளத்தை வெளியிடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். லோகோ அழகாக இருந்தது. யார் வரைந்தது என்று கேட்டேன். "நம் நண்பர்தான், ஆசையாக வரைந்து கொடுத்தார்" என்றார்கள். மூலக் கோப்பு இருக்கிறதா, பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. பிறகு ஒருவர் சொன்னார்: "நண்பர்தானே, எதற்கு எழுத்தெல்லாம்?"

பல ஆண்டுகளுக்கு முன் இதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மங்கலான படத்தைப் போடாதீர்கள், லோகோவைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள் என்பவற்றை இங்கே சேர்க்கவில்லை. அவை கண்ணில் படும் பிழைகள், யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தளம் வளரும்வரை வெளியே தெரியாமல் இருக்கும் பிழைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

"என்ன அளவில் வேண்டும்?" என்று ஒரே எண்ணைக் கேட்பது

லோகோவுக்கு ஒரே அளவு என்று எதுவும் கிடையாது. அது போய் உட்காரும் இடத்துக்கு ஏற்ப அளவு மாறும். பக்கத்தின் தலைப்பகுதியில் பெரும்பாலும் 40 முதல் 60 பிக்சல் உயரம் போதும். உலாவியின் டேப்பில் தெரியும் ஃபேவிகானுக்கு 16 அல்லது 32 பிக்சல் சதுரம். ஐபோனின் முகப்புத் திரைக்கு 180. ஆண்ட்ராய்டில் தளத்தைச் செயலிபோல நிறுவ 192, 512 ஆகிய இரண்டும் வேண்டும். சமூக ஊடகத்தில் இணைப்பைப் பகிரும்போது வரும் படத்துக்கு 1200க்கு 630. மீடியாவிக்கி என்ற மென்பொருளில் விக்கி நடத்துகிறவர்களுக்கு 135 பிக்சல் சதுரம் என்பது பழகிய கணக்கு.

இத்தனைக்கும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. எஸ்விஜி போன்ற வெக்டர் கோப்பு ஒன்று கையில் இருந்தால் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுத்துவிடலாம். அதில் கோடுகளும் வளைவுகளும் கணக்காக எழுதப்பட்டிருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு பிசிறாது. புள்ளிகளால் ஆன பிஎன்ஜி படம் மட்டும்தான் கிடைத்தது என்றால், காட்டப்போகும் அளவைப்போல் இரண்டு மடங்காவது வாங்கிவையுங்கள். இன்றைய கைபேசித் திரைகளில் புள்ளிகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன.

ஆனால் பெரிதாக்குவதற்கு வழிசெய்யும் வெக்டர், சிறிதாக்கும்போது வரும் சிக்கலைத் தீர்க்காது. குழுவின் பெயரை முழுதாகத் தமிழில் எழுதிய லோகோ ஒன்றை 32 பிக்சலுக்குக் குறைத்துப் பாருங்கள். முதலில் மெய்யெழுத்துகளின் புள்ளி காணாமல் போகும். அடுத்து மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் ஒன்றாகிவிடும். 'ணை' போன்ற எழுத்து வெறும் கறையாகத்தான் நிற்கும். ஃபேவிகானுக்கு ஓர் எழுத்தையோ லோகோவிலுள்ள ஓர் உருவத்தையோ மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். முழுப்பெயர் தலைப்பகுதியில் இருக்கட்டும். இந்த முடிவை வரைபவருடன் முதல் நாளிலேயே பேசிவிட்டால், பிரித்தெடுக்கத் தோதாக அவரே வரைந்து தருவார்.

எழுத்துருவை எழுத்துருவாகவே விடுவது

எஸ்விஜி கோப்பில் தமிழ்ப் பெயரை எழுத்தாகவே விட்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேறொன்று வந்து உட்காரும். எனவே வெளியிடும் பிரதியில் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிவிடுங்கள். திருத்தக்கூடிய பிரதி ஒன்றையும் தனியே வைத்திருங்கள். எழுத்துருவின் உரிமத்தையும் படித்துப் பாருங்கள். இலவசமாகத் தரவிறக்க முடிகிறது என்பதால் லோகோவில் பயன்படுத்தலாம் என்று ஆகிவிடாது. எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வரும் எழுத்துருக்களை லோகோவில் தயங்காமல் பயன்படுத்தலாம்.

ஜேபிஜி

லோகோவுக்கு வேண்டாம். பின்னணி வெள்ளைக் கட்டமாகவே நிற்கும்.

"நண்பர்தானே, எதற்கு எழுத்தெல்லாம்?"

இந்த ஒன்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றும் நினைத்தால் எரிச்சல் வரும் விஷயம் இது.

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தளம் நடத்தினோம். உறுப்பினர் ஒருவர் இரண்டே இரவுகளில் லோகோ வரைந்து, 300 பிக்சல் அகலத்தில் ஒரு படமாக மின்னஞ்சலில் அனுப்பினார். எந்தப் பச்சை நல்லது என்று மூன்று வாரம் விவாதித்தோம். அந்த மூன்று வாரத்தில் உரிமை பற்றி ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை.

நான்கு ஆண்டுகள் ஓடின. துண்டறிக்கைகள், பாடக் கோப்புகள், தோழமைக் குழுக்களின் பக்கங்கள் என்று லோகோ எங்கெங்கோ போய்விட்டது. ஒரு நிகழ்ச்சிக்குப் பெரிய பேனர் வேண்டியிருந்தபோதுதான் மூலக் கோப்பைத் தேடினோம். நண்பருக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்தது. அது அவருடைய பழைய அலுவலக முகவரி. அதே மாதத்தில், எங்கள் பாடங்களைத் தங்கள் தொகுப்பில் சேர்க்க விரும்பிய இன்னொரு குழுவினர், "லோகோ எந்த உரிமத்தில் இருக்கிறது?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. அவர்கள் லோகோவை நீக்கிவிட்டுப் பாடங்களை மட்டும் சேர்த்தார்கள். அவர்கள் செய்ததுதான் சரி.

சில மாதம் கழித்து நண்பரைக் கண்டுபிடித்துவிட்டோம். அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் நிலைமை புரிந்தது. லோகோவின் நடுவிலிருந்த இலை, படங்கள் விற்கும் ஒரு தளத்திலிருந்து எடுத்தது. அத்தகைய தளங்களின் வழக்கமான உரிமங்கள், படத்தை ஒருவரது லோகோவாகப் பயன்படுத்துவதைப் பெரும்பாலும் தடைசெய்கின்றன. அதாவது, எங்களுக்குக் கொடுக்க அவரிடமே உரிமை இல்லை. அவர் எதையும் மறைக்கவில்லை, நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். புது லோகோ வரைந்து, தளத்தில் மாற்றி, ஒவ்வொரு குழுவுக்கும் எழுதி மாற்றச் சொன்னோம். அச்சானவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. தளம் கைமாறிவிட்டதா என்று வாசகர்கள் கேட்டு எழுதினார்கள். முதல் நாளில் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது.

அடிப்படையைப் புரிந்துகொள்ளுங்கள். ஒருவர் வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு எதுவும் தேவையில்லை. 1886இல் உருவான பெர்ன் ஒப்பந்தம் அதைத்தான் சொல்கிறது, உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் இருக்கின்றன. கோப்பு உங்கள் கைக்கு வந்ததால் உரிமை உங்கள் கைக்கு வந்துவிடாது. பணம் கொடுத்திருந்தாலும், பல நாடுகளில் உரிமை கைமாற எழுத்து வேண்டும்.

குழுக்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. "உரிமையைக் குழுவுக்கே கொடுத்துவிட்டேன்" என்கிறார் வரைந்தவர். குழு எங்கும் பதிவு செய்யப்படவில்லை என்றால் அந்த உரிமை யாரிடம் போய்ச் சேர்ந்தது? நிர்வாகியாக இருந்தவரிடமா? அவர் விலகிவிட்டால்? திறந்த உரிமம் நல்லது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். அது எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கப்படுவதால், வாங்கிக்கொள்ள இன்னார் என்று ஒருவர் தேவையில்லை. குழு கலைந்து வேறு பெயரில் கூடினாலும் உரிமம் அப்படியே நிற்கும்.

நான் இப்போது வாங்கும் கடிதம் இவ்வளவுதான்:

"இந்த லோகோவை நானே வரைந்தேன். பிறருடைய படமோ வரைபடமோ இதில் இல்லை. பயன்படுத்திய எழுத்துரு இன்னது, அதன் உரிமம் இன்னது. இந்த லோகோவைக் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளியிடுகிறேன். என் பெயரை இவ்வாறு குறிப்பிட வேண்டும். மூலக் கோப்பை இணைத்திருக்கிறேன்."

பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றியதை அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பது அந்த உரிமத்தின் சாரம். கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது. இதை வரைபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது. கடிதத்தை ஒருவருடைய அஞ்சல் பெட்டியில் விட்டுவைக்காமல், இரண்டு மூன்று நிர்வாகிகள் எடுக்கக்கூடிய இடத்தில் மூலக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.

பாதுகாப்புக்காக என்று கூடுதல் தடைகளைச் சேர்ப்பது

'மாற்றக் கூடாது' என்ற உரிமத்தில் வாங்கினால், ஆண்டு நிறைவுக்கு ஒரு சிறப்பு வடிவம்கூட வெளியிட முடியாது. 'வணிகப் பயன்பாடு கூடாது' என்று வாங்கினால், செலவுக்காகச் சட்டையில் அச்சிட்டு விற்கலாமா என்ற கேள்வி உடனே எழும். லோகோவின் உரிமம் மற்றவற்றின் உரிமத்தோடு ஒத்துப்போகாவிட்டால் எதுவரை போகும் என்பதற்கு டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளம் ஒரு நல்ல சான்று. ஃபயர்பாக்ஸ் உலாவியின் நிரல் கட்டற்றது, அதாவது யாரும் மாற்றிப் பகிரலாம்; லோகோ அப்போது அப்படியில்லை. லோகோவை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள டெபியன் முயன்றது. பெயர் வேண்டுமானால் லோகோவும் சேர்ந்தே வர வேண்டும் என்றது ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா. 2006இல் டெபியன் அந்த உலாவிக்கு ஐஸ்வீசல் என்று வேறு பெயர் வைத்தது. ஃபயர்பாக்ஸ் என்ற பெயர் திரும்பி வர 2016 ஆனது.

பதிப்புரிமையையும் வணிகக்குறியையும் குழப்பிக்கொள்வது

"திறந்துவிட்டால் யாராவது நம் பெயரில் போலித் தளம் நடத்துவார்களே" என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அதைத் தடுப்பது பதிப்புரிமையின் வேலை இல்லை. நகல் எடுப்பதும் மாற்றுவதும் பதிப்புரிமைக்குள் வரும். உங்களைப்போல் வேடம் போட்டு மக்களை ஏமாற்றுவது வணிகக்குறிக்குள் (டிரேட்மார்க்) வரும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வணிகக்குறி உரிமையைத் தருவதில்லை என்று அவற்றிலேயே எழுதியிருக்கிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2014இல் தன் லோகோக்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது, வணிகக்குறியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. டெபியன் இரண்டு லோகோக்களே வைத்திருக்கிறது. சுழல் வடிவத்தை யாரும் எடுத்தாளலாம். குப்பியோடு வரும் சுழல் அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கு மட்டும்.

சிறு குழுவுக்கு ஐந்து வரியில் ஒரு பக்கம் போதும். அதில் இப்படி எழுதலாம்: "எங்களைக் குறிப்பிட லோகோவைப் போடலாம், செய்தியில் பயன்படுத்தலாம். உங்கள் நிகழ்ச்சியை நாங்கள் நடத்துவதுபோலவோ ஆதரிப்பதுபோலவோ காட்டக் கூடாது. ஐயம் இருந்தால் கேளுங்கள், இதுதான் முகவரி." கோப்புகளையும் அதே பக்கத்தில் வைத்துவிடுங்கள். நல்ல கோப்பு கிடைக்காதவர்கள்தான் திரையைப் படம்பிடித்து வெட்டி ஒட்டுகிறார்கள்.

ஓரம் விடாமல் வெட்டுவது

ஆண்ட்ராய்டு படவுருவை வட்டமாகவும் வெட்டும். முக்கியமானதை நடுவிலுள்ள 80 சதவீத வட்டத்துக்குள் வையுங்கள்.

அகலமும் உயரமும் எழுதாமல் விடுவது

பக்கம் திறக்கும்போது எழுத்துகள் குதிக்கும். இரண்டு எண்களையும் நிரலில் எழுதுங்கள்.

அந்தப் புதிய குழுவினர் அன்று மாலையே நண்பருக்கு எழுதினார்கள். மறுநாள் பதில் வந்தது. மூலையிலிருந்த பூ அவர் வரைந்தது இல்லையாம். இரண்டு நாளில் தானே ஒரு பூவை வரைந்து, எஸ்விஜி கோப்போடும் கடிதத்தோடும் அனுப்பியிருந்தார். புதுப் பூ பழையதைவிடச் சற்று எளிமையாக இருக்கிறது. 32 பிக்சலில் அது தெளிவாகத் தெரிகிறது.